கண்ணை மூடிக்கொண்டிருந்த ஐந்து மாதம்

எங்கள் குவார்ட்டர்ஸில் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பாராயணம். பதினோரு பெண்கள், வாரம் ஒரு வீடு. தோத்திரப் புத்தகங்கள் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. எல்லாம் ஒரு மஞ்சள் துணிப்பையில் சேர்ந்தே இருக்கும். பாராயணம் முடிந்ததும் அடுத்த வாரம் யார் வீட்டு முறையோ அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இப்படியே தில்லி லக்ஷ்மிபாய் நகரில் மாடிமாடியாக ஏறி இறங்கி அந்தப் பை பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. புத்தகத்தில் பெயர் எழுதக் கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. ஆனாலும் எந்தப் புத்தகம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். என்னுடையது பழுப்பு அட்டை போட்டது, முதுகில் செல்லோடேப் ஒட்டியது. வேறு யாராவது அதைக் கையில் எடுத்தால் எனக்கு முகம் சுருங்கிவிடும்.

பாராயணத்துக்குப் பிறகு பத்து நிமிடம் தியானம். அதை நடத்தியவள் நான். ஆறேழு வருடம் முன்பு ஆபீசில் லீவு போட்டுவிட்டுப் பத்து நாள் மௌன முகாம் ஒன்றுக்குப் போய்வந்தேன். நாலாம் நாள் முதுகுவலியில் அழுதேன். ஏழாம் நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பத்தாம் நாள் பெரிய ஞானி மாதிரி திரும்பி வந்தேன். வந்த வாரமே இவர்கள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூச்சைக் கவனியுங்கள் என்று ஆரம்பித்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அமைச்சகத்தில் நான் செக்‌ஷன் ஆபீசர். பைல் காணாமல் போனால் கத்துவதற்கென்று அங்கே எனக்கு ஒரு குரல் உண்டு. சனிக்கிழமைக்கு வேறொரு குரல் வைத்திருந்தேன், மெதுவாக, இழுத்து, நடுநடுவே நிறுத்தி.

'பயம் வந்தால் விரட்டாதீர்கள்' என்பேன் அந்தக் குரலில். 'வாசலுக்கு வந்த விருந்தாளி மாதிரி உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். சண்டை போடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அது தானே எழுந்து போய்விடும்.' பின்பக்கத்துக் காலி பிளாக்கை இடிக்கிற இயந்திரம் வெளியே தடதடக்கும். அதையும் ஏற்றுக்கொள்ளச் சொல்வேன். பெண்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். நான் மட்டும் அவ்வப்போது ஒரு கண்ணைத் திறந்து, எல்லோரும் ஒழுங்காக மூடியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வேன். முடிந்ததும் சுண்டலும் காபியும். அப்போது யாராவது ஒருத்தி என்னைத் தனியாக ஓரம் கட்டி, கணவரின் டிரான்ஸ்பரைப் பற்றியோ பிள்ளையின் பரீட்சையைப் பற்றியோ பயத்தைச் சொல்வாள். நான் தலையை ஆட்டிக் கேட்பேன். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் பிடித்திருந்தது.

டிசம்பர் குளிரில் ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு. அதைத் தொட்ட கையை உடனே எடுத்துவிட்டேன். பிறகு இரண்டு மாதம், சோப்புப் போடும்போதெல்லாம் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். எனக்கு இந்தப் பயம் சும்மா வரவில்லை. ஆபீசில் என் அடுத்த மேஜைக்காரி, ஒரு பஞ்சாபிப் பெண், ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டு மத்தியானம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் அந்த நாற்காலிக்கு வரவேயில்லை. நாற்காலி முதுகில் அவள் போட்டுவிட்டுப் போன நீலச் சால்வை அடுத்த கோடை வரைக்கும் அங்கேயே தொங்கியது. யாருக்கும் எடுக்க மனம் வரவில்லை. டெஸ்ட் என்றால் எனக்கு அந்தச் சால்வைதான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை எப்படியோ தைரியம் வந்து டிஸ்பென்சரிக்குப் போனேன். லேடி டாக்டர் கையால் அழுத்திப் பார்த்தார். 'கப் ஸே ஹை?' என்று கேட்டார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு இரண்டு வாரம் என்றேன். இரண்டு மாதம் என்று சொன்னால் திட்டுவாரே. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க ரெஃபரல் சீட்டு எழுதிக் கொடுத்தார். 'ஜல்தி கரா லேனா' என்றார், தள்ளிப்போடாதே என்கிற முகத்தோடு. திங்கட்கிழமையே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் பாராயணத்தில் அந்தச் சீட்டு கைப்பையிலேயே இருந்தது. நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டே. ஹால் டிக்கெட்டானாலும் ஜாதகமானாலும் வேலைக்குப் போடுகிற மனுவானாலும் முதலில் சாமி புத்தகத்துக்குள் வைத்து எடுப்போம். நானும் சீட்டை நாலாக மடித்து என் பழுப்பு அட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்கு நடுவில் வைத்தேன். எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். தியானம் முடிந்தது, சுண்டல் முடிந்தது, பேச்சு முடிந்தது, பையைக் கட்டி ஒருத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சீட்டு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம், அவள் வீடு எதிர் பிளாக்தான். நான் போகவில்லை. சீட்டு என் வீட்டில் இல்லை என்பதில் எனக்கு அப்படியொரு நிம்மதி.

அடுத்த வாரம் புத்தகத்தைத் திறந்தபோது சீட்டு அங்கேயே இருந்தது. நாங்கள் படிப்பது முதல் இருபது பக்கம்தான், கடைசிப் பக்கங்களுக்கு யாரும் போவதில்லை. எடுக்கலாம் என்று விரலை வைத்தேன், பிறகு விரலை எடுத்துவிட்டேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. வாரத்துக்கு ஒரு மணி நேரம் சீட்டு என் மடியில் இருக்கும். மற்ற நேரமெல்லாம் யார் வீட்டு அலமாரியிலோ இருக்கும். என் பயத்தைப் பதினோரு வீடும் முறை வைத்துக் காவல் காத்தன, என்ன காக்கிறோம் என்று தெரியாமலேயே.

இதற்கு நான் வைத்த பெயர் ஏற்றுக்கொள்வது. தினமும் விடியற்காலை நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். கட்டி இருக்கிறது, இருக்கட்டும். பயம் இருக்கிறது, இருக்கட்டும். வருவது வரட்டும். கேட்க எவ்வளவு பக்குவமாக இருக்கிறது! பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடும் என்று நினைத்ததாம். அந்தப் பூனைக்காவது கண்ணை மூடப் பாய் விரிக்கத் தெரியாது, ஊதுவத்தி ஏற்றத் தெரியாது. என் கணவருக்கு வேறு மாநிலத்தில் ஒரு பொதுத்துறை ஆலையில் வேலை, மாதம் ஒரு முறை வந்துபோவார். போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்பார். நன்றாக இருக்கிறேன் என்பேன், என் சனிக்கிழமைக் குரலில்.

ஹோலி முடிந்த மறுவாரம் பாராயணம் என் வீட்டில். அதற்காக ஒரு வாரம் முன்பே என் அலமாரிக்கு வந்த பையை நான் அவிழ்க்கவே இல்லை. எல்லோரும் போன பிறகு ஒருத்தி மட்டும் காபி டம்ளர்களைக் கழுவித் தருகிறேன் என்று நின்றாள். அடுத்த பிளாக்கில் இருப்பவள், திருநெல்வேலிப் பக்கம். கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபின் இங்கே ஒரு அலுவலகத்தில் சேர்ந்தவர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். தில்லிக்கு வந்து இருபது வருடம் ஆகியும் காய்கறிக்காரனிடம் விரலைக் காட்டித்தான் வாங்குவாள். தியானத்தில் எல்லோரையும்விட அசையாமல் உட்காருபவள் அவள்தான். நான் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்வாள்.

குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்ளேயே பேசினாள்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு நின்னு மூணு வருசம் ஆச்சுல்லா. இப்ப ரெண்டு வாரமா மறுபடியும் படுதுக்கா. லேசாத்தான்."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. அவுககிட்ட கூடச் சொல்லல. பயமா இருக்குக்கா. டாக்டர்கிட்ட போணுமோ?"

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மாதவிடாய் நின்று வருடக்கணக்கில் ஆன பிறகு மறுபடி ரத்தம் பட்டால் டாக்டரிடம் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். பத்திரிகையில் படித்திருக்கிறேன், ஆபீசில் பேசிக் கேட்டிருக்கிறேன். தெரியாமல் சொன்னேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. போ, நாளைக்கே போ என்று வாய் வரைக்கும் வந்தது. அதே நொடியில் என் புத்தகத்துக்குள் இருந்த சீட்டும் ஞாபகம் வந்தது. இவளைப் போ என்று சொன்னால் நான் ஏன் போகவில்லை என்று எனக்கே பதில் சொல்ல வேண்டும். 

"பயத்தோட போய் நின்னா எல்லாமே பெரிசாத்தான் தெரியும்" என்றேன். "முதல்ல மனசை நிறுத்து. சில பேருக்கு இப்படி ஆகும், தானே நின்னுடும். அதோட சண்டை போடாதே, அப்படியே ஏத்துக்கோ. தினமும் காலையில உட்காரு. பார்க்கலாம்."

அதோடு விட்டேனா? கையைத் துடைக்கச் சொல்லி, பாய் விரித்து, அங்கேயே பத்து நிமிடம் உட்கார வைத்தேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கண்ணைத் திறந்ததும், "மனசு லேசாயிட்டுக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் படியிறங்கிப் போகும்போது நான் வாசலில் நின்று பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருத்தியின் பயத்தைப் பத்து நிமிடத்தில் இறக்கி வைத்துவிட்டேன் அல்லவா.

ஏப்ரல், மே, ஜூன். வெயில் ஏறியது. பாராயணத்தில் கூலர் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் படித்தோம். அவள் ஒரு வாரமும் தவறவில்லை. ஒரு முறை படியில் வைத்து, "இப்ப எப்படி?" என்று கேட்டேன். "அப்பப்ப வருது, நிக்குது. நீங்க சொன்னாப்ல உக்காந்துட்டு இருக்கேன்க்கா" என்றாள். நல்லது, நல்லது என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கினேன். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது போலத் தோன்றியது. தில்லி வெயிலில் யார்தான் வெளுக்காமல் இருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பிறகு அவளிடம் அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டேன். கேட்டால் பதில் வருமே.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வாரம் பை அவள் வீட்டில் இருந்தது. பழைய குவார்ட்டர்ஸ், சுவரெல்லாம் ஓதம். அலமாரிக்குள் தண்ணீர் இறங்கிப் பையும் நனைந்துவிட்டது. மழை விட்ட ஒரு நாள் புத்தகங்களை எல்லாம் எடுத்துப் பால்கனியில் விரித்து, பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்திருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் பையோடு ஃபேனுக்குக் கீழே தள்ளியிருப்பார்கள்.

புதன்கிழமை ஆபீசிலிருந்து வந்து டீ போட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. திறந்தால் அவள். உள்ளே வரவில்லை. கையில் நாலாக மடித்த சீட்டு. ஓரமெல்லாம் ஈரம் பட்டு நீல மை ஊறியிருந்தது. என் பெயரும், எந்த இடத்தில் கட்டி என்பதும், தேதியும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன.

"இது ஒங்களோடதாக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"எடுத்தாச்சா ஸ்கேன்?"

 டீ பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. என் மேல் இருக்கிற அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். எப்போதும் எனக்குச் சாதகமானதைத்தானே எடுத்துக்கொள்வேன்.

"நாளைக்கு லீவு போடுங்க" என்றாள். "நானும் வாரேன். காலையில எட்டு மணிக்கு டிஸ்பென்சரி. ரெண்டு பேரும் காட்டிட்டு வருவோம்."

அதட்டலாகச் சொன்னாள். அவள் என்னிடம் அப்படிப் பேசியதே கிடையாது. நான் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றேன்.

மறுநாள் அதே லேடி டாக்டர். பழைய சீட்டைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டித் தீர்த்தார். படித்தவள், அரசாங்க வேலையில் இருப்பவள், ஐந்து மாதம் என்ன செய்தாய் என்று கேட்டார். தியானம் செய்தேன் என்றா சொல்ல முடியும்? புதுச் சீட்டு எழுதினார். அடுத்து அவளைப் பார்த்தார். அவளுக்காக நான்தான் இந்தியில் சொன்னேன். எத்தனை மாதமாக என்று டாக்டர் கேட்க, நான் அவளிடம் தமிழில் கேட்க, "மார்ச்சுலேருந்து" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். மார்ச் ஸே என்று டாக்டரிடம் சொன்னேன். டாக்டரின் பேனா ஒரு நொடி நின்று, பிறகு எழுதியது.

ஸ்கேனுக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நான் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கப் பார்த்தேன். மூச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.  விருந்தாளியை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கச் சொல்லிச் சொல்லிக்கொடுத்தவளுக்கு, விருந்தாளி வந்தபோது கதவைப் பிடிக்கக்கூடக் கை வரவில்லை. அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் கையும் ஜில்லிட்டுத்தான் இருந்தது. என் பெயரைக் கூப்பிடும் வரை விடவில்லை.

எனக்கு ஒன்றுமில்லை. வெறும் நீர்க்கட்டி. ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஏழு மாதம் நான் சுற்றிச் சுற்றிப் போன சுண்டைக்காய் அரை ஸ்பூன் மஞ்சள் தண்ணீராகப் போய்விட்டது. அவளுக்கு உள்ளிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், ரிசல்ட்டுக்கு ஒரு வாரம். அன்றைக்கு நான் நினைத்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. பார்த்தாயா, தியானம் கட்டியைக் கரைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு முழு நாள் அப்படி நம்பினேன். கணவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். சாயங்காலம் அவள் வீட்டுக்குக் கேசரி கூடக் கொண்டுபோய்க் கொடுத்தேன், உனக்கும் ஒன்றும் இருக்காது என்று சொல்லி.

அவளுக்கு இருந்தது. கர்ப்பப்பையில் புற்றுநோய். ரிசல்ட் வாங்கப் போனபோது அவள் கணவரும் வந்திருந்தார். பெரிய டாக்டர் தன்மையானவர். ஆபரேஷன் செய்துவிடலாம், பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். ஆனால் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருக்கிறது, ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சும், அதாவது கரண்ட்டும், வைக்க வேண்டும், ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஒருவேளை அது தேவைப்பட்டிருக்காது என்றார். அவர் சொன்னது இந்தியில். அவள் என்ன சொல்கிறார் என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். ஆபரேஷன், நல்ல வாய்ப்பு என்பதையெல்லாம் தமிழில் சொன்னேன். கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டேன். அவள் கணவருக்கு இந்தி தெரியும். அவர் முகம் கறுத்தது.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அவளைக் கேட்டார். "மார்ச்சுல வந்ததை ஏன்டி மறைச்ச? யாருகிட்டயாவது சொன்னியா? சொல்லியும் பாத்துக்கலாம்னு எவளாவது சொன்னாளா?"

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். என் கையில் அவளுடைய பைல். இப்போது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. பைலின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"யாருகிட்டயும் சொல்லல" என்றாள் அவள். "பயந்துட்டு நாந்தான் சும்மா இருந்துட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு என் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். "நீங்க கூட்டிட்டு வந்ததாலதான் இப்பவாவது வந்தா. இல்லன்னா இன்னும் எத்தன மாசம் இப்படியே இருந்திருப்பாளோ" என்றார். எல்லையில் வேலை பார்த்த மனிதர், கண் கலங்கியிருந்தது. நான் பரவாயில்லை என்கிற மாதிரி தலையை அசைத்தேன். அந்த நன்றியையும் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொள்வதில்தான் நான் கெட்டிக்காரி ஆயிற்றே.

ஆபரேஷன் நடந்தது. கரண்ட் வைக்க ஐந்து வாரம் தினமும் போய்வந்தாள். பாதி நாள் நான் ஆட்டோவில் கூடப் போனேன். மொழிபெயர்த்தேன், கஞ்சி வைத்துக் கொடுத்தேன், துணி மடித்தேன். குவார்ட்டர்ஸில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்றார்கள். ஒவ்வொரு புகழ்ச்சியும் என் கன்னத்தில் அறைந்தது. கரண்ட் வைத்த நாட்களில் அவள் படி ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்குவாள். பின்னால் அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு நான் நிற்பேன். மார்ச் மாதம் என் வீட்டுப் படியில் அவள் லேசாக இறங்கிப் போனதை நினைத்துக்கொள்வேன். சனிக்கிழமைகளில் தொண்டை சரியில்லை என்று தியானத்தை நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் ஆகியும் தொண்டை சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று ஒருத்தி சொன்னாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரமாகப் பனிமூட்டம். அன்றுதான் வெயில் தலைகாட்டியது. தில்லியில் அப்படி வெயில் வந்தால் குவார்ட்டர்ஸே வெளியே வந்து உட்கார்ந்துவிடும். அவள் தன் பிளாக்குக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் சால்வை போர்த்தி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். உடம்பு கொஞ்சம் இளைத்திருந்தது, ஆனால் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. அவள் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு கரோல் பாக் வரைக்கும் போயிருந்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கை பட்டாணியை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு இல்லாவிட்டால் என்றைக்குமே சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். என்னுடைய சனிக்கிழமைக் குரல் வரவில்லை. ஆபீஸ் குரலும் வரவில்லை. "அன்னிக்கு உன்னைப் பொறுத்திருன்னு சொன்னேனே, அது தியானம் தெரிஞ்சு சொன்னதில்ல. டாக்டர்கிட்ட போகணும்னு எனக்குத் தெரியும். உன்னைப் போகச் சொன்னா நானும் போகணுமேன்னு பயந்துதான் அப்படிச் சொன்னேன். என் பயத்துக்கு உன்னைப் பலி கொடுத்துட்டேன்."

அவள் விரல் நிற்கவில்லை. ஒரு காயைப் பிளந்து, பட்டாணியைக் கட்டைவிரலால் கிண்ணத்தில் தள்ளினாள்.

"தெரியும்க்கா" என்றாள். "சீட்டுல தேதி இருந்துச்சுல்லா. பிப்ரவரின்னு போட்டிருந்துச்சு. நான் ஒங்ககிட்ட அழுதது மார்ச்சு."

 அன்று என் வாசலில் சீட்டோடு நின்றபோதே அவளுக்குத் தெரியும். வராந்தாவில் கணவர் கேட்டபோதும் தெரியும். ஐந்து வாரம் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து வந்தபோதும் தெரியும்.

"அப்புறம் ஏன் என்னைக் கூட்டிட்டுப் போனே? அவர்கிட்ட ஏன் சொல்லல?"

"அவுககிட்டச் சொன்னா ஒங்க வாசல்ல வந்து நின்னு சத்தம் போட்டிருப்பாவ. அது எதுக்கு? சொல்லணும்னா நீங்க சொல்லுங்க." இன்னொரு காயைப் பிளந்தாள். "கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்க்கா. அன்னிக்கு அந்தச் சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டு, இனிமே ஒங்க மூஞ்சிலயே முழிக்கப்படாதுன்னுதான் நெனச்சேன். இப்பவும் சில நாளு வரும், படி ஏறும்போது வரும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆனா தனியாப் போகப் பயமா இருந்துச்சு" என்றாள். "மாசக்கணக்கா அந்தப் பயத்தோட கண்ண மூடிட்டு ஒத்தையில உக்காந்திருந்தேன். சீட்டப் பாத்ததும் ஒங்களுக்கும் அதே பயந்தான்னு தெரிஞ்சுபோச்சு. சரி, பயந்தவ ரெண்டு பேரும் சேந்து போவோம்னுதான் வந்தேன்."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரமும் இரண்டு மாடிப்படியும்தான். மார்ச் மாதம் அந்த டம்ளர்களைக் கழுவுகிற சத்தத்துக்குள் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி. எனக்கும் பயமாக இருக்கிறது, வா, போகலாம். அவ்வளவுதான். அதைச் சொல்ல எந்த முகாமுக்கும் போயிருக்க வேண்டாம்.

அவள் கணவரின் ஸ்கூட்டர் கேட்டுக்குள் திரும்பும் சத்தம் கேட்டது. என் தொடை நடுங்க ஆரம்பித்தது. நான் அதைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அவர் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, என்னைக் கண்டதும் வழக்கம்போலக் கை கூப்பிக்கொண்டே வந்தார். நான் மடியிலிருந்த பட்டாணித் தோலை எல்லாம் கீழே தட்டிவிட்டு எழுந்து நின்றேன்.

அவளும் கிண்ணத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள்.